தடுப்புக் கதவைத் திறந்த ரொஸ்னாவுக்காக

அனுப்புநர்
திருமதி புஷ்பவள்ளி தயாளன்,
தொழிற்சாலைப் பணியாளர்,
ஜெலுத்தோங், ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்
திரு. ஸ்ரீகரன் அவர்கள்,
பொது நிகழ்ச்சி உரிமங்களுக்குப் பொறுப்பான அதிகாரி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பொருள்: 14.6.2025 சனிக்கிழமை மாலை, கடலோரத் திடலில் நடந்த பாடகி ரேவிகாவின் இசை நிகழ்ச்சியில் முன்வரிசையில் ஏற்பட்ட நெரிசல் குறித்தும், அந்நெரிசலில் தடுப்புக் கதவைத் திறந்து மக்களை வெளியே எடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்ட பாதுகாவலர் ரொஸ்னா பிந்தி சீனி முகம்மதுக்கு நியாயம் கேட்டும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம், தாங்களே படிப்பீர்கள் என்று தங்கள் அலுவலக முகப்பில் சொன்னார்கள். மலாயில் ஒரு பக்கச் சுருக்கம் இணைத்துள்ளேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும். சற்று நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. என் கணவர் திரு. தயாளன் முனுசாமிக்கு வயது 53. துறைமுகத்தில் இருபத்து நான்கு ஆண்டுகள் கிரேன் ஓட்டியவர். 2023 மார்ச் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தளர்ந்தன. கால் ஓரளவு திரும்பிவிட்டது. இழுத்து இழுத்து நடப்பார். பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வராது. "ஆமா", "வா", "டீ" என்ற மூன்று சொற்களோடு நாங்கள் குடும்பம் நடத்தி வருகிறோம்.

3. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் செல்வி நிரோஷா, ஏழாவது மாதத்தில், அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று என்னைக் கேட்டார். ரேவிகா பாடியது எதுவானாலும் பிடிக்கும் என்றேன். சுங்கை பாக்காப்பில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண்ணின் பாட்டுகளைத்தான் என் கணவர் கிரேன் கூண்டுக்குள் கைப்பேசியில் போட்டுக் கேட்பார். நிரோஷா ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, பாதியில் நிறுத்தினார். மீதியை என் கணவர் பாடினார். "வழி விடு மழையே, வீடு பக்கம்தான்" என்ற வரியை ஓர் எழுத்தும் பிசகாமல் பாடினார். ஏழு மாதமாகத் தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் குவளையைக் காட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். பேச்சின் பாதை அடைபட்டவர்களில் சிலருக்குப் பாட்டின் பாதை திறந்தே இருக்கும் என்று நிரோஷா விளக்கினார். நான் பாதி கேட்டேன். பிறகு வெளியே நடைக்கூடத்தில் போய்ச் சற்று நேரம் நின்றுகொண்டேன்.

4. அன்று முதல் எங்கள் வீட்டில் ரேவிகாதான் ஆசிரியை. பாடுபவரின் வாயசைவைப் பார்த்தால் என் கணவருக்கு வார்த்தை இன்னும் எளிதாக வரும். ஆகையால் தொலைக்காட்சிக்கு ஓர் அடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். ரேவிகா ஜார்ஜ்டவுனுக்கு வருகிறார் என்ற விளம்பரத்தைப் பார்த்ததும், அதில் இருந்த அவருடைய வாயின் மேல் விரலை வைத்து, பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். முன்வரிசை வேண்டும் என்பது அதன் பொருள். நான் வாங்கினேன். முன்பகுதிக்கு இருநூறு பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் அவரை அழைத்துச் சென்றேன். (நகல் இணைப்பு 1.)

5. மாற்றுத் திறனாளிகளுக்கு ஒரு மேடை இருந்ததே, அங்கே ஏன் போகவில்லை என்று தாங்கள் கேட்கலாம். முறைதான். அந்த மேடை ஒலிக் கூடாரத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து பாடகியின் உயரமே கட்டைவிரல் அளவுதான் தெரியும். வாய் எங்கே தெரியப்போகிறது?

6. நாங்கள் அஜாக்கிரதையாகப் போகவில்லை என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். காலை பத்தரைக்கே வரிசையில் நின்றோம். இருவரும் மூடிய காலணி அணிந்திருந்தோம். "என்னால் பேச முடியாது, ஆனால் புரியும்" என்று மூன்று மொழிகளில் எழுதிய அட்டையை அவர் கழுத்தில் தொங்கவிட்டேன். மூச்சு முட்டினால் என் கையை இரண்டு முறை அழுத்த வேண்டும் என்று பேசிவைத்தோம். எங்களுக்கு முன்னால் செல்வி தர்ஷிகா என்ற பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி தனியாக வந்து நின்றிருந்தார். தன் மடக்கு நாற்காலியை விரித்து, "அங்கிள், நீங்க உக்காருங்க, எனக்குக் காலைலேருந்து உக்காந்து உக்காந்து போரடிச்சிருச்சு" என்று கொடுத்தார். வெயில் ஏற ஏற மூவருமாக ஒரே குடைக்குள் வந்துவிட்டோம். அவர் பாட, என் கணவர் சேர்ந்து பாட, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நோய் வந்த பிறகு அவர் புதிதாக ஒருவரோடு பழகியது அன்றுதான்.

7. மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். எல்லாரும் நடுவை நோக்கி ஓடினார்கள். நான் இடப்பக்கக் காவலில் நின்ற பெண்ணிடம் அட்டையைக் காட்டி, எங்கே நிற்பது நல்லது என்று கேட்டேன். அவர்தான் ரொஸ்னா. "நடுவுல வேணாம்கா. தள்ளுனா அங்கதான் மொத்த வெயிட்டும் வரும். இந்த மூலையில நில்லுங்க, பக்கத்துலயே கேட் இருக்கு. அவங்க பாடுறப்ப இந்தப் பக்கமும் நடந்து வருவாங்க லா" என்றார். தர்ஷிகாவும் எங்களோடு அந்த மூலைக்கு வந்தார். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மேடை பத்தடி தூரம்தான். என் கணவர் அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மனுவில் எழுத எனக்குத் தெரியவில்லை.

8. இனி புகார். ஐந்து மணியளவில், எங்கள் பகுதிக்கும் பின்னால் இருந்த பொதுப் பகுதிக்கும் இடையில் கட்டியிருந்த கயிறு அவிழ்க்கப்பட்டது. காணொளிப் படத்தில் முன்பகுதி நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்று ஏற்பாட்டாளர் தரப்பில் ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். "எல்லாம் முன்னுக்கு வாங்க, கேமராவுக்குக் கை காட்டுங்க" என்றார். இருநூறு பேர் நின்ற இடத்துக்குள் எத்தனை நூறு பேர் புகுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலில் சிரித்துக்கொண்டுதான் தள்ளினார்கள். யார் மேலும் எனக்குக் கோபமில்லை. பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. ஐந்தரைக்கு ரேவிகா மேடைக்கு வந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே உடம்பாக முன்னே சாய்ந்தது.

9. இரண்டாவது பாட்டுக்குள் என் கால்கள் தரையில் சரியாக இல்லை. எனக்கும் என் கணவருக்கும் நடுவில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவர் கை என் கையிலிருந்து போய்விட்டது. எங்கள் அடையாளம் கையை அழுத்துவதுதான். கையே இல்லாதபோது என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஐயா, அதை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

10. பிறகு நடந்ததை தர்ஷிகாவின் கடிதத்திலிருந்தும் (இணைப்பு 2), வேறொரு ரசிகர் எடுத்த நாற்பது விநாடிக் காணொளியிலிருந்தும் (இணைப்பு 3) தொகுத்துத் தருகிறேன். தர்ஷிகா கம்பியோடு நசுங்கி மூச்சு விட முடியாமல் நின்றிருக்கிறார். கத்தக் காற்று இல்லை. என் கணவர் அவருக்குப் பின்னால் திரும்பி, நல்ல கையான இடது கையைக் கம்பியில் ஊன்றி, தன் முதுகால் கூட்டத்தைத் தாங்கியிருக்கிறார். அவருக்கும் கம்பிக்கும் இடையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு சாண் இடம். உதவி கேட்டுக் கத்த இவருக்கு வார்த்தை இல்லை. அப்போது பாட்டு முடிந்து, இசைக்குழுவினர் கருவி மாற்றிக்கொண்டிருந்த நேரம். மேடை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அவர் பாடினார். "வழி விடு மழையே" என்ற அதே வரியை, தொண்டை கிழிய, மறுபடியும் மறுபடியும் பாடினார். அருகில் இருந்த சிலர் ரசிகர் உற்சாகம் என்று நினைத்து அவரோடு சேர்ந்து பாடியதும் காணொளியில் கேட்கிறது.

11. ரொஸ்னா அப்படி நினைக்கவில்லை. மேடையில் பாட்டே இல்லாதபோது இவர் ஏன் பாடுகிறார் என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். கழுத்து அட்டை அவருக்கு நினைவிருந்தது. ஓடிவந்து வாக்கி-டாக்கியில் கதவைத் திறக்க அனுமதி கேட்டார். படப்பிடிப்பு நடக்கிறது, திறக்காதே என்று பதில் வந்தது. இரண்டாம் முறை கேட்டார். அதே பதில். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார். "அண்ணே, மொதல்ல அந்தப் புள்ளைய விடுங்க. அப்பறம் நீங்க. கையக் குடுங்க" என்று அவர் சொல்வது காணொளியில் தெளிவாக உள்ளது.

12. அந்தக் கதவு வழியாக முப்பத்தொரு பேர் வெளியே வந்தோம். நான் ஒன்பதாவதோ பத்தாவதோ. ஆள் வெளியேற வெளியேற உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. பாடகி ரேவிகா அதைக் கண்டு நிகழ்ச்சியை நிறுத்தி, எல்லாரும் ஐந்தடி பின்னால் போகும்வரை பாட மாட்டேன் என்றார். அவருக்கு என் நன்றி. தர்ஷிகாவுக்கு விலா எலும்பு ஒன்றில் விரிசல். மற்றவர்களுக்குச் சிராய்ப்பும் மயக்கமும்தான். ஓர் உயிரும் போகவில்லை. உயிர் போகாததால்தான் இது செய்தியாகவில்லை என்றும் நினைக்கிறேன்.

13. பதினைந்து நிமிடம் கழித்து நிகழ்ச்சி தொடர்ந்தது. கூட்டம் சீராகிவிட்டது, பழைய இடத்துக்கே போய் நிற்கலாம், நான் பக்கத்தில் இருப்பேன் என்று ரொஸ்னா எங்களிடம் சொன்னார். என் கணவர் போகவில்லை. தர்ஷிகாவின் பெற்றோர் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், முதலுதவிக் கூடாரத்தில் அந்தப் பெண்ணின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து மேடையின் பின்பக்கத் துணிதான் தெரிந்தது. பாட்டு மட்டும் கேட்டது. ஆறு மாதமாகக் காத்திருந்த வாயசைவைப் பார்க்காமலே, அவர் ஒவ்வொரு பாட்டையும் அந்தப் பெண்ணுக்காக மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். விலா வலிக்கிறது, சிரிக்கவைக்காதீர்கள் என்று தர்ஷிகா அவரிடம் கெஞ்சினார். அவர் விடவில்லை.

14. ஒரு வாரம் கழித்து, நன்றி சொல்வதற்காக முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு ரொஸ்னா அன்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்த, சூலியா தெருவில் உள்ள அவருடைய தந்தையார் கடைக்குப் போனோம். வேலை நேரத்தில் ரொஸ்னா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். காரணம் கேட்டேன். சொல்லத் தயங்கினார். அவர் தந்தை சீனி முகம்மது அவர்கள்தான் கடிதத்தை எடுத்துக் காட்டினார். உத்தரவின்றித் தடுப்புக் கதவைத் திறந்து நிகழ்ச்சிக்கு இடையூறு செய்த குற்றத்துக்காக ஜூன் 17 முதல் பணிநீக்கம் என்று இருந்தது. "விடுங்கக்கா, வேற வேல கெடைக்கும். அண்ணே நல்லா இருக்காங்கல்ல, அது போதும்" என்றார் ரொஸ்னா. அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கல்லாவுக்கு அடியில் உட்கார்ந்து எங்கள் முறுக்கைத் தின்றுகொண்டிருந்தாள். இந்த மனுவுக்கு ரொஸ்னாவின் சம்மதம் பெற எனக்கு மேலும் இரண்டு முறை போகவேண்டியிருந்தது.

15. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

அ. ஏற்பாட்டாளரையும் பாதுகாப்பு ஒப்பந்தக்காரரையும் அழைத்து விசாரித்து, கயிற்றை அவிழ்க்கச் சொன்னது யார் என்று கேட்க வேண்டும். இதுவரை அந்தக் கேள்விக்காக யாருக்கும் கடிதம் போகவில்லை. கதவைத் திறந்தவருக்கு மட்டும் போயிருக்கிறது.

ஆ. ரொஸ்னாவின் தரப்பை நேரில் கேட்டு, அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவும், அந்தக் குற்றச்சாட்டு அவர் பதிவிலிருந்து நீங்கவும் ஆவன செய்ய வேண்டும். அந்தக் கடிதத்தோடு அவர் வேறு எங்கே போய்ப் பாதுகாவலர் வேலை கேட்பார்?

இ. ஆபத்தைக் கண்ணால் பார்ப்பவர் உத்தரவுக்குக் காத்திராமல் கதவைத் திறக்கலாம் என்பதை இனி வழங்கும் ஒவ்வொரு உரிமத்திலும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். முன்பகுதியில் அச்சிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் விடக்கூடாது.

ஈ. முன்வரிசையின் ஒரு மூலையில், கதவை ஒட்டி, என் கணவரைப் போன்றவர்கள் நிற்கச் சிறிது இடம் ஒதுக்கினால் புண்ணியமாகப் போகும். இசை நிகழ்ச்சிகளே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை ரேவிகா வந்தால் நாங்கள் மறுபடியும் போவோம். வரிசையில் தனக்கும் இடம் பிடிக்க வேண்டும் என்று தர்ஷிகா இப்போதே சொல்லிவிட்டார்.

16. இம்மனுவை எழுதி முடித்ததும் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். "உத்தரவை மீறியது ரொஸ்னாவின் தவறுதான் எனினும்" என்று, மரியாதைக்காக, பதினோராம் பத்தியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த இடம் வந்ததும் அவர் காகிதத்தின் மேல் கையை வைத்து மறைத்தார். வாயெடுத்தார். நெடுநேரம் ஆயிற்று. நான் ஒரு பாட்டைத் தொடங்கி உதவப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு, பாட்டின் துணையில்லாமல், "இல்ல" என்றார். நோய் வந்த நாள் முதல், சோறு ஆறியிருந்தாலும் சட்டை மாறியிருந்தாலும் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றே சொல்லிவந்தவர் அவர். அந்த வரியை அடித்துவிட்டேன். அவருடைய வாக்குமூலமாக அந்த ஒரு சொல்லைத் தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நல்ல முடிவை எதிர்பார்க்கும்,

புஷ்பவள்ளி தயாளன் (ஒப்பம்)
தயாளன் முனுசாமி (இடக்கையால் இட்ட ஒப்பம்)

இடம்: ஜார்ஜ்டவுன், பினாங்கு
நாள்: 7.7.2025