நீர் வெட்டி எடுத்த கடைசி வரி

உமது முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு உம்முடைய தங்கை என்னிடம் வந்தார். நாலாய் மடித்த ஒரு கடதாசியை நீட்டி, "அக்கான்ர பைபிளுக்குள்ள கிடந்தது. உங்கட ரைப்பிங் போல கிடக்கு" என்றார். விரித்துப் பார்த்தேன். நான் அடித்த கடிதத்தின் காபன் பிரதிதான். அடியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. இவ்வளவு காலமும் உமக்குத் தெரிந்திருக்கிறது. நானோ உமக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு உம்மோடு சிரித்துக் கதைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலேரி கடந்து வந்த என்னை முல்லைத்தீவுக் கரையில் யாருக்கும் தெரியாது. பங்குச் சுவாமியார்தான் கோயில் அறையில் பழைய ரைப்றைற்றருக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தினார். உமக்கு இங்கிலிஷ், எனக்கு விரல். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், ஆமியின் பக்கமிருந்த வவுனியாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்று எத்தனை பேருக்காகக் கொழும்பில் காணாமல் போனவர்களைத் தேடும் கந்தோருக்கு எழுதினோம்! பெண்கள் வாங்கில் வரிசையாக இருந்து சொல்லுவார்கள், நீர் மொழிபெயர்ப்பீர், நான் அடிப்பேன்.

முதல் நாளே நாங்கள் ஒரு சொல்லுக்குச் சண்டை பிடித்தோம். கவலைக்கு இங்கிலிஷில் 'சாட்' என்று நான் அடித்திருந்தேன். நீர் பார்த்துவிட்டுச் சிரித்தீர். குடை துலைந்தாலும் சாட்தான், கந்தோரில் இருப்பவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசிக்க வேண்டும், 'கிறீஃப்' என்று போடும் என்றீர். எனக்கும் கொஞ்சம் வீம்பு. சுவாமியாரின் அகராதியை எடுத்து, அது ஒருவர் செத்துப் போனால் வருகிற துக்கம் என்று காட்டினேன். நீர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும். கடுமையாச் சொன்னாத்தான் தேடுவாங்கள்" என்றீர். அதோடு நானும் 'கிறீஃப்' என்றே அடிக்கத் தொடங்கினேன்.

வன்னிக்குள் கடதாசிக்கும் காபனுக்கும் தடை இருந்த காலம். ஒரு தாள் பழுதானாலும் நெஞ்சு பதறும். காலையில் றிபனுக்குத் தேங்காயெண்ணெய் தடவி, கை சரியாக ஓடும்போதே, அன்றைக்கு வேண்டிய தாள்களைக் காபனோடு அடுக்கி, அடியில் அந்தக் கடைசி வரியை அடித்து வைத்துவிடுவேன். 'ஆழ்ந்த கிறீஃபுடன் காத்திருக்கிறேன்.' எல்லாருக்கும் அதே வரிதானே. பிறகு மேலே பெயரும் வயதும் விபரமும் நிரப்பினால் அலுவல் முடிந்தது. இந்தக் கெட்டித்தனத்தை நினைத்து எனக்குப் பெருமை வேறு.

ஒரு மத்தியானம், வாங்கு வெறுமையான பிறகு, நீர் அந்தப் பெண்கள் இருக்கும் இடத்தில் போய் இருந்தீர். "எனக்கும் ஒண்டு அடியும்" என்றீர். பகிடி என்று நினைத்தேன். நீர் உமது மனுசனின் பெயரைச் சொன்னீர். மன்னாரில் தமக்கை வீட்டில் நிற்கிறார் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்த அதே மனுசன். வலை நூல் வாங்க வவுனியாவுக்குப் போய், நான் இங்கே வருவதற்கு முன்னமே காணாமல் போயிருக்கிறார். அத்தனை பெண்களின் கதையையும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் மொழிபெயர்த்த நீர், நீலச் சேட்டு, இடது புருவத்தில் தழும்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர். ஏதோ ஒரு தாளை எடுத்துப் பூட்டி அடித்தேன்.

முடிக்கும்போது சொன்னீர்: "அந்தச் சொல்லை எனக்குப் போடாதையும். அது செத்தவீட்டுச் சொல். அவர் செத்தவரெண்டு ஆர் சொன்னது?"

ஓம் என்று தலையாட்டி, தாளின் அடியைப் பார்க்காமலே இழுத்து எடுத்தேன். அப்படியென்றால் மற்றப் பெண்களுக்கு மட்டும் போடலாமோ என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. உமது முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். கடிதம் சுவாமியாரின் பையில் அன்றே போனது. உமது பிரதியை வாசிக்காமலே மடித்துக் கொண்டுபோனீர். மறுநாள் கோவையில் போட எங்கள் பிரதியை எடுத்தபோதுதான் கண்டேன். காலையில் நான் அடித்து வைத்த வரி அடியில் அப்படியே கிடந்தது. உமது மனுசனை நான் என் கையாலேயே செத்தவராக்கி அனுப்பியிருந்தேன்.

சொல்ல எனக்குத் துணிவில்லை. நீர் அன்றைக்கும் வழமைபோல எனக்குப் பொரித்த கருவாடு கொண்டு வந்தீர். இரண்டு நாள் கழித்து, "இனிக் கடைசி வரியை முன்னுக்கே அடிச்சு வைக்க வேண்டாம். ஒவ்வொருத்தரிட்டையும் கேட்டிட்டு அடிப்பம்" என்றீர். றிபன் தேய்கிறது என்பதற்காகச் சொல்கிறீர் என்று நினைத்தேன், மடைச்சி. ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே நீர். ஏசியிருந்தால் உமது காலில் விழுந்திருப்பேன்.

கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. இந்த மாரியில் மலேரியாக் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோனது. கடைசி வரையும் நீர் வெள்ளை உடுக்கவில்லை, அவருக்கென்று ஒரு மரித்தோர் பூசை கேட்கவில்லை. உமது செத்தவீட்டில், மனுசி செத்தும் மன்னாரிலிருந்து அவர் வரவில்லையென்று சனம் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது.

இன்று காலை அந்தக் கடிதத்தைப் புதுத் தாளில் திரும்ப அடித்தேன். நீலச் சேட்டு, இடது புருவத்தில் தழும்பு, எல்லாம் நீர் சொன்னபடியே. வயதை மட்டும் கூட்டினேன். தேடுபவர் என்ற இடத்தில் என் பெயர். உறவு என்ற இடத்தில் அவரின் மனைவியின் சிநேகிதி என்று போட்டேன். அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றும் அடிக்கவில்லை. சுவாமியார் வெள்ளிக்கிழமை வவுனியாவுக்குப் போகிறார், கொடுத்துவிடுவேன்.