இருநூற்றுப் பதினாலாம் நம்பர்

செப். 10, 1970, வியாழன்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு இடி, மழை இல்லை. தேயிலை ஃபாக்டரியில் டிரையர் விசிறியின் பேரிங் சூடாகிறது. கிரீஸ் அடைத்து ஓட்டினேன், இரண்டு நாள் தாங்கும். புதுசு கேட்டு எழுதி ஒரு மாதம். ஃபாக்டரியைப் பார்க்கிற டீமேக்கர் ஐயாவிடம் கேட்டால், "எழுதியிருக்கு, வரும்." எழுதினால் எது வந்தது?

தபாலில் உத்தரவின் நகல். கொழும்பு பெரிய கோர்ட் முத்திரை. ஆங்கிலம், ஒன்றேகால் பக்கம். மூன்று தடவை படித்தேன். வேலாயுதம் என்பவரை நாடு கடத்தியது சட்டப்படி செல்லாது. அக்டோபர் 9க்குள் குடிவரவுத் திணைக்களம் அவரைத் திரும்பக் கொண்டுவந்து கோர்ட்டில் நேரில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் மரியாதை வார்த்தை.

அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டது.

"அப்ப எந்தக் கப்பல்லடா வர்றாரு?"

"கப்பலெல்லாம் போட மாட்டாங்க அக்கா."

"பின்ன என்னத்தத்தான் போட்டிருக்காங்க, இத்தனை எழுத்து?"

செப். 11, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் புரக்டர் ஐயா. யூனியன் பிடித்துக் கொடுத்த வக்கீல், மாத்தளையில் ஆபீஸ். இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

1. வேலாயுதம், என் அக்கா புருஷன். பிறந்தது யட்டவத்தப் பக்கத் தோட்டம். அவருடைய அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் உண்டு. அதில் பிள்ளைகள் வரிசையில் மச்சான் பெயர் மூன்றாவது.

2. கல்யாணம் முடிந்து எங்கள் தோட்டத்துக்கு வந்தார். செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவேட்டில், புதுப் பெயர் சேர்க்க முடியாது என்றது ஆபீஸ். அந்த நேரம் 214ஆம் நம்பர்காரன் கருப்பையா சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போயிருந்தான். கிளாக்கர் ஐயா அந்த நம்பரில், அந்தப் பெயரிலேயே மச்சானை வேலைக்கு விட்டார். ஏறக்குறைய இரண்டு வருடம். தோட்டங்களில் நடக்கிற காரியம்தான், யாரும் தப்பு என்று நினைப்பதில்லை.

3. கருப்பையா போவதற்கு முன்பு இந்தியப் பிரஜையாக விண்ணப்பம் போட்டிருந்தான். அது அங்கீகாரமாகிவிட்டது. ஆள் கப்பலேறவில்லை. எனவே அவன் பெயரில் நாடு கடத்தும் கட்டளை.

4. ஜூலை கடைசி. காலை ஆறு மணி, பெரட்டுக்களம். ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில் போலீஸ்காரர் இரண்டு பேர். கணக்கப்பிள்ளை வழக்கம்போல் "கருப்பையா!" என்று கூப்பிட்டார். மச்சான் வழக்கம்போல் "ஐயா!" என்று கையைத் தூக்கினார்.

நான்காவதை எழுதும்போது ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. போலீஸ் பக்கத்தில் நிற்கிறான், கண் தெரியவில்லையா மச்சானுக்கு? "நான் வேலாயுதம்!" என்று பிறகு கத்தியிருக்கிறார். "அப்போ ஏன் கை தூக்கினாய்?" என்று கேட்டார்களாம். ஐந்தாம் நாள் தலைமன்னாரில் இந்தியக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

செப். 14, திங்கள்

அரை நாள் லீவு போட்டு ரயிலில் கண்டிக்கு, திணைக்களத்தின் கிளைக்கு. கதவு சாத்தியிருக்கிறது. நாளை போயா, ஞாயிறுக்குப் பதிலாக வருகிற பௌத்தர் லீவு நாள். போயாவுக்கு முதல் நாள் அரை நாள்தான் வேலை. எனக்குத் தெரியாதா? தெரியும். மறந்து போனேன். முட்டாள். கோர்ட் உத்தரவில் நாலு நாள் போயிற்று.

திரும்பி வந்து பேரிங்கைக் கழற்றினேன். குண்டு இரண்டு உடைந்திருக்கிறது.

செப். 16, புதன்

மறுபடி கண்டி. அதிகாரிக்கு என் அப்பா வயது. தங்கமான மனுஷன் போலப் பேசுகிறார், அதுதான் எரிச்சல். பேச்செல்லாம் சிங்களத்தில், என்னை "மல்லி", தம்பி, என்கிறார். உட்காரச் சொன்னார், தேத்தண்ணி வரவழைத்தார்.

"உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறோம் மல்லி. யார் இல்லை என்றது? அந்தக் கரைக்குக் கடிதம் எழுதிவிட்டோம். வேலாயுதம் என்று ஒருவர் வந்து இறங்கவேயில்லை என்று பதில் வந்திருக்கிறது."

"கருப்பையா என்று இறங்கினவர்தான் வேலாயுதம்."

"அப்படியா? உத்தரவில் இருக்கிற ஆள் என் கோப்பில் இல்லை. என் கோப்பில் இருக்கிற ஆளைப் பற்றி உத்தரவில் ஒரு சொல் இல்லை. நான் யாரைக் கொண்டுவர?"

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்தேன். கீழ்ப்படிகிறோம் என்று ஏழு தடவையாவது சொல்லியிருப்பார்.

செப். 18, வெள்ளி

விடாத தூறல். கொழுந்து ஈரம், டிரையரில் இரட்டை வேலை.

கிளாக்கர் ஐயாவிடம் போனேன். மச்சானைக் கருப்பையா பெயரில் வேலைக்கு விட்டது நான்தான் என்று ஒரு வாக்குமூலம். நாலு வரி. புரக்டர் ஐயா எழுதியே கொடுத்திருந்தார், கையெழுத்துப் போட்டால் போதும்.

"தம்பி, எனக்கு வேலை போயிரும்டா. பொய் செக்ரோல் எழுதினேன்னு நானே எழுதிக் குடுக்கிறதா?"

"எழுதினீங்கதானே?"

"உன் மச்சானுக்குச் சோறு போடத்தானே எழுதினேன்! அன்னைக்கு உங்க அக்கா வந்து இதே வாசல்ல கும்பிட்டுட்டு நின்னுச்சு. மறந்திட்டியா?"

"அன்னைக்குச் செஞ்ச உபகாரத்தத்தான் இன்னைக்கு அவர் அந்தக் கரையில கிடந்து அனுபவிக்கிறாரு" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். கிளாக்கர் முகம் செத்துப் போயிற்று. கடுதாசியை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கொஞ்சம் பணிவாகக் கேட்டிருந்தால் போட்டிருப்பாரோ என்னவோ. எனக்குப் பணிவாகக் கேட்க வராது.

செப். 22, செவ்வாய். போயா

கருப்பையாவைக் கண்டுபிடித்துவிட்டேன்!

மாத்தளைச் சந்தையில் வெங்காயம் போடுகிற முஸ்லிம் நானா ஒருவர் துப்புக் கொடுத்தார். நாலந்தா சந்தியில் இறங்கி, காட்டுப் பாதையில் இரண்டு மைல். செங்கல் மண் குடிசை, அரை ஏக்கர் வெங்காயம், கொஞ்சம் மிளகாய். பெண்சாதி, இரண்டு பையன்கள். மூத்தவன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு.

நான் தோட்டத்து ஆள் என்றதும் கருப்பையா மண்வெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். விஷயத்தைச் சொன்ன பிறகு குந்திக்கொண்டான். நாற்பது வயது இருக்கும். இனி அண்ணன் என்றே எழுதுகிறேன், எனக்குச் சோறு போட்ட மனுஷன்.

"ரெண்டு வருஷமா என் பேருல பெரட்டுக்குப் போனாரா உங்க மச்சான்? நாள் தவறாமலா?"

"நாள் தவறாம."

"நான் ஒரு மாசம் ஒழுங்காப் போனதில்ல தம்பி. என் பேருக்கு மரியாதை வாங்கிக் குடுத்திட்டாரு." சிரித்தார்.

இந்தியாவுக்கு ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஆபீஸ் வாசலில் ஃபாரம் நீட்டினார்களாம், முன்னால் நின்றவன் விரல் வைத்தானாம், இவரும் வைத்தாராம். "அந்தப் பக்கம் எனக்கு யாரு இருக்கா? ஊர்ப் பேரு கூட எங்கப்பா சொன்னதுதான்."

கோர்ட்டில் வந்து நில்லுங்கள் என்று கேட்கத்தான் போனேன். பெண்சாதி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. அவரே சொன்னார்: "வந்து நின்னா என்னையும் இதுகளையும் கப்பல்ல ஏத்திருவாங்க தம்பி. வரமாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

வரும்போது ஒரு பிடி வெங்காயம் கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வெங்காயத்தைப் பார்த்து அக்கா கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவிடம் மறைத்துப் பழக்கமில்லை.

செப். 25, வெள்ளி

கண்டி. இந்தத் தடவை மச்சானின் அப்பாவுடைய சான்றிதழ், கல்யாணப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மூன்றையும் கொண்டுபோனேன். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப அடுக்கினார். கல்யாணப் பதிவில் வேலாயுதம். செக்ரோலில் அப்படி ஒரு ஆளே இல்லை. 214இல் வேலை செய்தது கருப்பையா, கை தூக்கியது கருப்பையா, கப்பலேறியது கருப்பையா.

"இரண்டு ஆள் என்கிறாய் மல்லி. நான் பார்க்கிற கடதாசியில் ஒரே ஆள்தான். உன் மச்சான்தான் கருப்பையா. பெயரை மாற்றிச் சொல்லிக் கோர்ட்டை ஏமாற்றியிருக்கிறீர்கள்."

"கருப்பையா வேற ஆள்! உசிரோட இருக்காரு! போயாவுக்கு நானே பார்த்துச் சோறு தின்னுட்டு வந்தேன்!"

அவ்வளவு சத்தமாகத் தமிழில் வெளியே வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. பேனா மூடியைக் கழற்றினார்.

"எங்கே?"

நான் மேலே பார்த்தேன். விசிறி சுற்றுகிறது. அதிலும் பேரிங் போய்விட்டது, டக் டக் என்று.

"பயப்படாதே. அந்த ஆளைக் காட்டு. இரண்டு பேர் என்று எனக்கு நிரூபணம் ஆகிவிடும். உன் மச்சான் அடுத்த கப்பலில். உத்தரவும் நிறைவேறும், கோப்பும் நேராகும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என்ன யோசனை! என் வாயைத் தைக்க வேண்டும்.

செப். 28, திங்கள்

புரக்டர் ஐயா தலையில் அடித்துக்கொண்டார். "உத்தரவில நிபந்தனையே இல்லையேப்பா! கருப்பையா இருந்தா என்ன, செத்தா என்ன? கொண்டுவான்னா கொண்டுவரணும். கோர்ட் அவமதிப்புன்னு போடுறேன்."

"போட்டா எப்ப வருவாரு?"

"ஒன்பதாம் திகதி முயற்சி செய்றோம்னு சொல்லுவாங்க. கோர்ட் இன்னும் ஒரு மாசம் குடுக்கும். அடுத்த மாசமும் முயற்சி செய்வாங்க."

"கருப்பையா இருக்கிற இடத்தச் சொல்லட்டுமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லுன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லாதேன்னு சொல்றதுக்கு அங்க கிடக்கிறது என் மச்சான் இல்ல."

அக். 1, வியாழன்

பேரிங் வந்தது. அளவு தப்பு.

மச்சானிடமிருந்து கடிதம், மண்டபம் முகாமிலிருந்து. அவருக்கு எழுத வராது, யாரோ எழுதியிருக்கிறார்கள். அப்படியே இங்கே:

"மாப்பிள்ளைக்கு, நலம். பிள்ளை நடக்குதா? இங்கேயும் கருப்பையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயருக்கு நான் இப்போ வாய் திறக்கிறதில்லை. அதனால் சோற்று வரிசையில் விட்டுப் போகிறது. பன்னிரண்டாம் திகதி லாரியில் ஆள் ஏற்றி எங்கேயோ மலைப் பக்கம் ரோட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு விலாசம் இருக்காது. ஒன்பதாம் திகதி கோர்ட் என்று எழுதியிருந்தாய். சீக்கிரம் பார்."

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ரோட்டு வேலை வரியை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், வாய் நிற்காமல் படித்துவிட்டது. அக்கா அழவில்லை. "சோறு விட்டுப் போகுதாமா?" என்று மட்டும் கேட்டது.

அக். 2, வெள்ளி

முடிவு. நாள் முழுக்க ரோலரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே யோசித்தேன். சொல்லப் போவதில்லை. ஒன்பதாம் திகதி நானே கொழும்புக்குப் போகிறேன். நீதிபதி காதில் விழுகிற மாதிரிக் கத்துகிறேன், உள்ளே போட்டால் போடட்டும். கருப்பையா அண்ணன் குடிசைக்குப் போலீஸ் ஜீப்பை என் கையால் அனுப்ப முடியாது. மச்சானுக்கு நடந்ததை எழுத்து எழுத்தாகத் தெரிந்தவன் நான்.

ஐந்தரைக்கு லயத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன், முடிவைச் சொல்ல. பூட்டியிருந்தது. பிள்ளை பக்கத்து வீட்டில். அக்கா கொழுந்துக்கும் போகவில்லையாம். ஆறேகாலுக்குக் கல்யாணப் புடவையில் வந்தது, காலெல்லாம் புழுதி.

"எங்க போன அக்கா?"

"கண்டிக்கு."

எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"சொல்லிட்டேன்டா. நாலந்தா சந்தி, காட்டுப் பாதை, வெங்காயம். நீ சொன்னதெல்லாம் சொன்னேன். எனக்குச் சிங்களம் அவ்வளவா வராது. அந்த ஐயா பொறுமையாக் கேட்டு எழுதிக்கிட்டாரு. நாளைக்குப் பத்து மணிக்கு ஜீப் அங்க போயிருமாம்."

"அவருக்கும் ரெண்டு பிள்ளை அக்கா. நான் அந்த வீட்டுல சாப்பிட்டேன்."

"நானும்தான் சாப்பிட்டேன், அந்த வெங்காயத்த." முந்தானையை உதறியது. "எனக்கு நியாயம் பேசத் தெரியாது தம்பி. நீ படிச்சவன், யோசிப்பே. பன்னெண்டாந்திகதி லாரி வருதே, அது யோசிக்குமா? என் மேல கோவம்னா இனி இங்க சோத்துக்கு வராத."

பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. நான் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் வெளியே தட்டை நீட்டியது. சாப்பிட்டேன்.

அக். 3, சனி

மாத்தளை பஸ் ஸ்டாண்ட். பனி, சட்டையெல்லாம் ஈரம். டீமேக்கர் ஐயாவிடம் லீவு சொல்லவில்லை. டிரையரை யார் பார்ப்பார்கள், தெரியாது.

கணக்கு இதுதான். ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் எட்டே முக்காலுக்குக் குடிசை. பத்துக்குள் பெண்சாதி பிள்ளைகளோடு காட்டுக்குள் இறங்கிவிடலாம். ஜீப் வெறுங்கையாகத் திரும்பும். கோப்பில் ஒரே ஆள்தான் என்று ஆகும். மச்சான் லாரி ஏறுவார்.

நான் பஸ் ஏறாவிட்டால் மச்சான் அடுத்த கப்பலில்.

வேறு வழி ஏதாவது விட்டுப்போயிற்றா என்று எழுதிப் பார்க்கிறேன். ஜீப்புக்கு முன்னால் போய் நின்று அதிகாரியிடமே பேசுவது. அவர் தேத்தண்ணி வாங்கித் தருவார். அண்ணனை நானே கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ஓடுவது. வரமாட்டார்.

ஏழு மணி பஸ் போய்விட்டது. கையில் டிக்கட் காசு. ஏறவில்லை.

ஏழே முக்கால் பஸ் வந்து நிற்கிறது. இதுதான் கடைசிக் கணக்கு. இறங்கி ஓடினால் ஒன்பதரை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "நாலந்த, நாலந்த, தம்புல்ல" என்று கத்துகிறான். என்னைப் பார்த்து, "ஏறுறதா இல்லையா?" என்கிறான்.