அந்த ஞாயிறு மட்டும் பழைய நேரம்

கெமி
ஏப்ரல் 3, வியாழன்

அன்புள்ள கைசு,

நீயும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் மிஸ்காவின் காதில் விழாமல் யாரும் போன் பேச முடியாது. அவன் வெளியே போவதில்லை, போகவும் கூடாது. அதனால் சுகாதார நிலையத்தில் தரை துடைக்கிற வேலை முடிந்ததும் உடை மாற்றும் அறையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் மீன் ஆலையில் ஒரு இடம் காலியாகிறது, ஏப்ரல் கடைசிக்குள் கிளம்பி வந்துவிடு என்று எழுதியிருந்தாய். மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. கோபப்படாதே.

ஜனவரியில் மிஸ்கா குடித்துவிட்டு வண்டி ஓட்டி, பேருந்து நிறுத்தக் கம்பத்தில் மோதியது உனக்குத் தெரியும். யாருக்கும் அடியில்லை. நான்கு மாதத் தண்டனை. அதைச் சிறையில் கழிக்க வேண்டாம், வீட்டிலேயே கழிக்கலாம் என்றார்கள். கணுக்காலில் ஒரு பட்டை, புத்தக அலமாரியில் ஒரு பெட்டி. அவன் நகர்ந்தால் பெட்டிக்குத் தெரியும். ஆனால் கூட இருக்கிறவள் சம்மதித்தால்தான் இந்த ஏற்பாடு. அவள் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அன்றே அவன் சிறைக்குப் போவான். இதை என் முகத்துக்கு நேரே, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்திருப்பாய்?

இங்கே காகித ஆலையை மூடி, மிஸ்காவையும் சேர்த்து இந்த ஊரில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பியவர்களின் காலில் யாரும் பட்டை கட்டவில்லை. அதைச் சொன்னால் மிஸ்காவே, "அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம், குடிச்சது நான்தானே" என்கிறான். சம்பந்தம் இருக்கிறது என்றுதான் நான் இன்னமும் சொல்கிறேன்.

அவன் என்னை அடிப்பதில்லை, திட்டுவதில்லை. நான் செருப்பு மாட்டும்போது, "எத்தனை மணிக்கு வருவ?" என்று கேட்பான், அவ்வளவுதான். கடைக்குப் போனாலும் கேட்பான், குப்பை போடப் போனாலும் கேட்பான். எந்த நேரத்திலும் கதவைத் தட்டி, குடித்திருக்கிறானா என்று பார்க்க அவனை ஊதச் சொல்வார்கள் என்பதால் வீட்டில் ஒரு பீர் டின்கூட வைக்க முடியாது. பட்டை அவன் காலில். நேரம் பார்த்து ஓடுகிறவள் நான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் கட்டிடத்து நீராவிக் குளியலறை, அந்தச் சவுனா, உனக்கு ஞாபகம் இருக்கும். கீழ்த்தளத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம். எங்கள் முறை ஞாயிறு ஐந்திலிருந்து ஆறு. பெட்டியின் எல்லை கீழ்த்தளம்வரை எட்டாது என்பதால், அவனுடைய அனுமதி அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்தைத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாரம் முழுக்க அதற்காகத்தான் அவன் உயிரோடு இருந்தான் என்றே சொல்லலாம்.

மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள் அல்லவா? சவுனா அடுப்பின் டைமரை மாற்ற வேண்டியவர் காவலாளி இல்போ. அவர் திங்கட்கிழமைதான் வருவார். "ஞாயித்துக்கிழமை பிரதமர் சொன்னாலும் திருகாணியைத் தொட மாட்டேன்" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் அந்த ஒரு ஞாயிறு மட்டும் கட்டிடம் முழுக்கப் பழைய நேரப்படிதான் குளிக்கும். எங்கும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மிஸ்கா அந்தக் கட்டிடத்திலேயே பிறந்து வளர்ந்தவன்.

மாடிப்படியில் அன்று காலை முழுக்க இதே பேச்சு. எதிர்வீட்டு சிர்க்கா, "என் நாய்க்கு யாரு சொல்றது மணி மாறிடுச்சுன்னு? அது பழைய நேரத்துக்குத்தான் ஒண்ணுக்குப் போகும்" என்று புலம்பினாள். இப்படிக் கடிகாரம் மாற்றுவதையே நிறுத்தவா என்று மேலிடத்திலிருந்து எங்களை எப்போதோ கேட்டார்கள், நிறுத்துங்கள் என்று சொன்னோம். வருடங்கள் ஓடிவிட்டன. "நம்மகிட்ட கேட்டதே பெருசு, அதுக்கு மேல ஆசைப்படாதே" என்றாள்.

புது நேரப்படி ஐந்து மணிக்குச் சிர்க்கா சவுனாவுக்குள் இருந்தாள். அது அவளுடைய முறை. ஆறு மணிக்கு மிஸ்கா வாளியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். சமையலறைக் கடிகாரத்தில் ஐந்து. அலமாரியில் இருந்த பெட்டிக்கு ஆறு, அனுமதி முடிந்த நேரம். நான்கு நிமிடத்தில் அது கத்த ஆரம்பித்தது.

நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நம்மைவிடச் சின்னவள். மிஸ்கா பழைய நேரத்தைப் பற்றி விளக்கினான். அவள், "சட்டத்துக்கு ஒரே நேரம்தாங்க" என்றாள். சத்தம் கேட்டு சிர்க்கா நாயோடு உள்ளே வந்து, "அஞ்சு மணிக்கு நான் அம்மணமா உள்ள உக்காந்திருந்தேன். அப்ப வந்திருந்தா உன் சட்டம் சந்தோஷப்பட்டிருக்குமா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடக்கிக்கொண்டு மிஸ்காவிடம் சொன்னாள்: "நான் வெள்ளிக்கிழமையே போன் பண்ணினேன். நீங்க எடுக்கல. புது நேரம்தான் கணக்கு, சவுனா முறையைப் பாத்துக்கச் சொல்லுங்கன்னு உங்க மனைவிகிட்ட சொன்னேன்."

கைசு, அவள் சொன்னது உண்மை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் போனை நான்தான் எடுத்தேன். "சொல்லிடறேன்" என்றேன். வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமை முழுக்கவும் ஞாயிறு ஆறு மணிவரையும் வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன். மறக்கவில்லை. சம்மதத்தைத் திரும்பப் பெற்றால், புருஷனைச் சிறைக்கு அனுப்பியவள் என்று ஊர் என்னைப் பேசும். கடிகாரம் அனுப்பினால் யாரும் எதுவும் பேச முடியாது. அப்படித்தான் நினைத்தேன். உன்னிடம் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சிர்க்கா என்னைப் பார்த்தாள். மிஸ்கா மட்டும் பார்க்கவில்லை. தன் கால் பட்டையைப் பார்த்தபடி, "சொன்னா. நான்தான் மறந்துட்டேன்" என்றான்.

அவர்கள் போன பிறகு அவன் நாற்காலியைப் போட்டு ஏறி, சமையலறைக் கடிகாரத்தைப் புது நேரத்துக்குத் திருப்பி வைத்தான். இறங்கிக் காபி போட்டான். எனக்கும் ஊற்றினான். அவன் கத்தியிருந்தால் அன்றே என் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

இன்று காலை முடிவு வந்தது. இந்த முறை எச்சரிக்கை. இன்னொரு முறை தவறினால் மிச்சத் தண்டனை சிறையில். அதோடு ஒரு தாளும் அனுப்பியிருந்தார்கள். கூட இருக்கிறவள் இன்னமும் சம்மதிக்கிறாளா என்று புதிதாகக் கேட்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். அவன் பொய் சொன்ன பிறகு நான் எப்படிப் போடாமல் இருப்பேன்? முன்பாவது அவனுக்காகப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், உங்கள் ஊரில், எங்களைவிட ஒரு மணி குறைவு. நேற்று பாத்திரம் கழுவும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் ஊர்க் கடிகாரப்படி மிஸ்கா சரியான நேரத்துக்குத்தான் குளிக்கப் போனான்.

இப்போது நாலே கால். நாலரைக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன், கிளம்ப வேண்டும். சின்னவளுக்கு என் முத்தம். உனக்குக் கை வலி குறையட்டும், குளிரில் கையுறை போட்டுக்கொள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவனுக்குப் பட்டையைக் கழற்றும் நாள் ஜூன் பதினைந்து. அதுவரை அந்த இடத்துக்கு வேறு யாரையும் எடுக்க வேண்டாம் என்று உன் மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பார். முடியாது என்று சொன்னால், தயவுசெய்து அதை எனக்கு எழுதாதே.

உன் பிரியமுள்ள,
ஹெய்னி