கவரில் வைத்த செருப்பு

மார்ச் 12, புதன்

விடியற்காலை முதல் பஸ். எழுபது வளைவு, ரெண்டு தடவை வாந்தி. கீழே ஆஸ்பத்திரியில் செயற்கைக் காலுக்கு அளவெடுக்கும் இளங்கோ சார் பயிற்சிக்குப் போய்விட்டாராம். "அடுத்த புதன் வாங்கம்மா." ஊன்றுகோலோடு பஸ் ஏறி இறங்கினவளிடம் எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள்! போன வருடம் டெம்போ கவிழ்ந்து இடது கால் முட்டிக்குக் கீழே போனதிலிருந்து இது மூன்றாவது நடை.

மார்ச் 19

அளவெடுத்தாயிற்று. அலுப்பு. வேறொன்றும் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 16

கால் வந்துவிட்டது. கூடவே ஒரு ஜோடி புதுச் செருப்பு, பின்னால் வார் வைத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி டைல்ஸ் தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அழுகை வந்துவிட்டது.

அங்கன்வாடியில் எனக்குச் சமையல் உதவி வேலை. சுமதி டீச்சர் சொல்லிவிட்டார்: "ஜூன் ரெண்டு வரைக்குந்தான் தேனு உன் இடத்த வெச்சிருக்க முடியும். அப்புறம் வேற ஆளப் போட்டுருவாங்க." மேடேறிப் போக வேண்டும், நின்று சமைக்க வேண்டும். போயிருவேன்.

அவ்வளவு நல்ல செருப்பை இந்தச் செம்மண்ணில் யார் போடுவார்? கவரில் சுற்றிப் பீரோ மேல் வைத்தாயிற்று. கீழே போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

ஏப்ரல் 18

அடுப்படியில் விழுந்தேன்.

ஏப்ரல் 21

இன்னும் ரெண்டு தடவை. களத்தில் ஒன்று, வாசலில் ஒன்று. முட்டியை யாரோ முன்னாலிருந்து பின்னுக்குத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் நடக்கத் தெரியவில்லையோ?

மே 3

சின்னான் மாமா ஊன்றுகோலோடு வந்தார். மூன்று வருடம் முன்பு மிளகு பறிக்க மரமேறி விழுந்து காலைப் பறிகொடுத்தவர். அதே ஆஸ்பத்திரியில் கொடுத்த கால் அவர் வீட்டு விட்டத்தில் தொங்குகிறது. "விடு கண்ணு. அது டவுனு காலு. மலைக்கு ஒத்து வராது."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் காலையும் விட்டத்தில மாட்டச் சொல்றாரா?

மே 14

வெட்டின இடத்தில் புண். வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு ஆந்திராவில். "நீ அவசரப்படறே"ங்கறார் போனில். அவருக்கென்ன, ரெண்டு காலு.

மே 22

சண்டை போடவே இளங்கோ சாருக்குப் போன் செய்தேன். "என்ன காலுங்க குடுத்தீங்க? ஆறு தடவ விழுந்துட்டேன்!"

"செருப்பு போட்டுத்தானேம்மா நடக்கறீங்க?"

"ஊட்டுக்குள்ள யாருங்க செருப்பு போடுவாங்க? அது புதுசு, கவர்ல இருக்குது."

அப்புறம் சொன்னார்: அந்தச் செருப்பின் குதி உயரத்துக்குத்தான் காலை நிறுத்தியிருக்கிறார்களாம். செருப்பில்லாமல் வைத்தால் குதி தாழ்ந்து, முட்டி பின்னால் போகுமாம். வெறுங்கால் நடைக்குத் தக்கபடி திருகித் தரலாமாம். "நாந்தான் சொல்லியிருக்கணும்மா."

அடப்பாவி. எல்லாம் என் கோளாறுன்னு நெனச்சு அழுதனே!

மே 23

மாமாவிடம், உங்களுக்குக் கொடுத்த செருப்பு எங்கே என்று கேட்டேன். "புதுசா இருந்துச்சு, தம்பி கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டான்" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"மூணு வருசம் கண்ணு" என்றார்.

மே 28, புதன்

பஸ்ஸில் மாமா மடியில் அவர் கால், துண்டில் சுற்றி.

என் காலைக் குட்டிச் சாவி போட்டுத் திருகினார்கள். பத்து நிமிசம். பத்தே நிமிசம்! இதுக்கா இத்தனை விழுந்தேன்?

மாமாவுக்கு அந்தக் கால் லொடலொடவென்று ஆடியது. மூன்று வருடத்தில் மிச்சக் கால் மெலிந்துபோய்விட்டதாம், புதிதாக அளவெடுக்க வேண்டுமாம். "அடுத்த புதன் வாங்கய்யா." மாமா, "வாரேனுங்க" என்றார். மலையேறி ஊர் சேரும் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 2, திங்கள்

அங்கன்வாடிக்கு நடந்துதான் போனேன், வெறுங்காலோடு. மேட்டில் ரெண்டு தரம் நின்று மூச்சு வாங்கினேன். விழவில்லை.

வழியில் மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். "நாளான்னைக்குப் புதன் மாமா. எனக்கு வேலை, வர முடியாது. தனியாப் போயிருவீங்களா?"

"போயிருவேன் கண்ணு" என்றார். பத்தடி தாண்டியதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அந்த சாரு கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிப்போடோணும். நாங்க ஊட்டுக்குள்ள செருப்பு போட மாட்டோம்னு."