இரண்டுக்கு மேல் திறக்கக் கூடாது

மார்ச் 9, ஞாயிறு. கடும் வெயில்.

எங்கள் முதியோர் இல்லத்தில் பக்கத்துக் கட்டில் காதர் பாய்க்கு இன்று அநியாயம் நடந்தது. செய்தவன் பெற்ற மகன். பார்த்துக்கொண்டு நின்றவள் நர்ஸ் செல்வி.

பாயின் நுரையீரல் பீடியில் கெட்டது. டாக்டர் எழுதிய ஆக்ஸிஜன் அளவு நிமிடத்துக்கு இரண்டு லிட்டர். "இவருக்குக் கூடுனா மயக்கம் வரும், மூச்சே அடங்கிடும்." என் காதுபடச் சொன்னது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய மருத்துவ நூலிலும் அப்படியே.

மகன் ஆரஞ்சுப் பையோடு வந்தான். சிலிண்டரைப் பார்த்தான்.

"எங்க அத்தாவுக்கு இம்புட்டுத்தானா? துட்டு மட்டும் எம்புட்டு வாங்குறீக! காத்துல கூடவா கஞ்சத்தனம்?"

திருகை முழுக்கத் திறந்தான். நான் தடுத்தேன்.

"பெருசு, ஒங்களுக்குக் கெடைக்கலன்னு பொறாமையா?"

பாய் சிரித்தார். "விடுங்கண்ணே. பந்தியில பிரியாணி வைக்கிற மாதிரி வைக்கிறான். போதும்னா கேப்பானா?"

மாலை. மகன் போய்விட்டான். செல்வியிடம் குறைக்கச் சொன்னேன்.

"அவுக வந்து கத்துனா யாரு வாங்கிக் கட்டுறது? ஒங்க சோலியப் பாருங்க தாத்தா."

பாய்க்குத் தலைவலி. பேச்சில் குழறல். என்னையே யாரென்று கேட்டார். பிறகு தூக்கம். உலுக்கியும் விழிக்கவில்லை. நானே எழுந்து இரண்டுக்குக் கொண்டுவந்தேன். கத்தினேன். ஆம்புலன்ஸ் வந்தது, தாமதமாக.

மார்ச் 10. புழுக்கம்.

இட்லி கல். கால் வீக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் இல்லை. பாயின் கண்ணாடி என் மேசையில்.

மார்ச் 11.

பாய் காலமானார்.

துணிமணி எடுக்க மகன் வந்தான். கண் சிவந்திருந்தது.

"நீங்க கொறைச்சீகளாம்ல? அதுலதான் எங்க அத்தா போயிட்டாரு."

செல்வி தரையைப் பார்த்தாள். டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டே யாருக்கோ மருந்து எழுதினார். கண்ணாடியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

வார்டன் என்னை மாடி அறைக்கு மாற்றுகிறாராம். "வம்பு வேணாம் அய்யா." பாயின் கட்டிலுக்கு நாளை எழுமலை ஊர்க்காரர் ஒருவர். அவருக்கும் சிலிண்டர்.

மார்ச் 12. மேகம். மழை இல்லை.

செய்ய வேண்டியவை:

டாக்டர்: அளவைத் தமிழில், பெரிய எழுத்தில், சிலிண்டர் மேலேயே எழுதி ஒட்டுவது. ஃபைலுக்குள் ஆங்கிலத்தில் புதைப்பது போதாது.

செல்வி: காலை மாலை பார்ப்பது. எவன் கத்தினாலும் திருகில் வெளியாள் கை படக் கூடாது.

வார்டன்: செல்வியைக் கத்துகிறவனிடம் தனியே விடாமல் வந்து நிற்பது.

மகனிடம் உண்மையைச் சொல்வது: டாக்டர். ஆசையாகத் திறந்த தன் கைதான் காரணம் என்று தெரிந்தால் அவன் ஒடிந்துபோவான். இருந்தாலும் சொல்ல வேண்டும். அவன் பெரியத்தாவுக்கும், அதாவது தன் அண்ணனுக்கும், இதே இளைப்பு என்று பாய் சொல்லியிருக்கிறார். அங்கேயும் இதே கைதான் திறக்கும். டாக்டர் சொல்லாவிட்டால் நான்.

மாடிக்குப் போகாமல் இங்கேயே இருப்பது: நான்.