திருவிருந்துக்கு முதல் நாள்

மாமி, செய்த பிழைக்குத் தண்டனை வேண்டும் என்று உறுதியாக நிற்கிற ஒருவர், அதைச் செய்தவனுக்காக உண்மையாகவே இரங்கவும் முடியுமா? உங்கள் கடவுளால் முடியும் என்பீர்கள். எனக்கு விடை தெரியாது. தெரியாமலே ஐம்பது வயதுக்குக் கிட்ட வந்துவிட்டேன்.

அடுப்பில் கொடிமுந்திரிகைப் பழம் வேகிறது. கறுத்த தோல்கள் மெல்ல வெடித்து, புளிப்பும் இனிப்புமான மணம் குசினியை விட்டு வெளியே போகிறது. நாளைக்குத் திருவிருந்து, சபையார் அப்பமும் ரசமும் வாங்குகிற நாள். எங்கள் தேவாலயத்தில் கடை வைன் வைப்பதில்லை. சபையில் ஒரு குடும்பம் பழத்தைக் காய்ச்சி, துணியில் வடித்து, ரசத்தைக் கொடுக்கும். பண்டத்தரிப்பில் அது உங்கள் வீட்டு வேலை. பின்வளவுப் பந்தலில் திராட்சைக் குலை இருக்கும்வரை அப்படித்தான் என்று சொல்லியிருந்தீர்கள்.

கரவெட்டியில் சைவக் குடும்பத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து, எந்தக் கடவுளிடமும் ஒட்டாமல் உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். உங்கள் கை நடுங்கத் தொடங்கியபோது கரண்டியை என்னிடம் தந்தீர்கள். நம்பாதவள் காய்ச்சலாமோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். "ஆர் காய்ச்சினதெண்டு பழத்துக்குத் தெரியவே போகுது?" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "கடவுள் இல்லையெண்டால் நீ ஏன் பிள்ளை அவரோடை இவ்வளவு கோவமா இருக்கிறாய்?" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது உங்கள் மகன் இறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

வெயில் யன்னல் கம்பிகளுக்குள்ளால் வந்து ஆவியில் நிற்கிறது. இந்த வெளிச்சத்தில் நேரம் எந்தப் பக்கம் போகிறதென்று பிடிபடவில்லை. பின்னால் உங்கள் செருப்புச் சத்தம் கேட்பதுபோல் இருக்கிறது. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று திரும்பினால், அது உங்கள் மகன்தான் என்று உடம்பு நினைக்கிறது. பிறகுதான், நீங்கள் இருவருமே இப்போது இல்லை என்று எனக்கு நினைவு வருகிறது.

அன்றும் இப்படி ஒரு பின்னேரம். நீங்கள் வாசல் படலையில் நின்றீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்த அவர் உங்களைக் கண்டு கையைத் தூக்கினார். பின்னால் வந்த லொறி நிற்கவில்லை. அதை ஓட்டிய சீலன் இறங்கி, நிற்க முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டான். சாராய மணத்தை உங்களைத் தவிர யாரும் கிட்ட நின்று அறியவில்லை. அவனும் நம் சபைதான். உங்கள் மகனோடு ஒரே வரிசையில் நின்று பாடியவன். பிரேக் பிடிக்கவில்லை என்று பொலிசில் சொன்னான்.

சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? "போனவன் திரும்பி வரப்போறதில்லை. இவனுக்கும் பெண்சாதி பிள்ளையள் இருக்கு. கோட்டிலை சாட்சி சொல்லேக்கை அந்த மணத்தைப் பற்றி ஒண்டும் சொல்லாமல் விடுங்கோ. மன்னிக்கிறதுதானே எங்கடை வேதம்?"

நீங்கள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள். "மன்னிக்கிறது எனக்குச் சொன்ன வேலை. நடந்ததை நடக்கேல்லை எண்டு சொல்லுறது எனக்கு ஒருத்தரும் சொல்லாத வேலை."

அந்த உறுதி எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த கிழமையே அதைக் கெடுத்தீர்கள். வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் இருந்த அவனுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனீர்கள். எந்த மனிதனுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறீர்களோ, அவனுக்கு மீன்குழம்பு. நான் வாசலில் மறித்து நின்றேன்.

"ஏன் மாமி?"

"அவன் உள்ளுக்கை இருக்கிறது நியாயம். பசியோடை இருக்கிறது நியாயமில்லை."

"அப்ப உங்கடை மகன்?"

நீங்கள் சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து நடந்தீர்கள். போய் வந்த பிறகு, "இண்டைக்குக் குழம்பிலை உறைப்பு கூடிப்போச்சு. அதையும் தண்டனையோடை சேர்க்கட்டும்" என்றீர்கள். இன்னொரு நாள் மூடி திறக்காத கரியரோடு பாதி வழியில் திரும்பி வந்து, கிணற்றடியில் குந்தியிருந்து அழுதீர்கள். "இண்டைக்கு ஏலாது பிள்ளை. அவன்ரை முகத்தைப் பாக்க ஏலாது." அந்த நாளுக்குப் பிறகுதான் உங்களை நம்பத் தொடங்கினேன்.

கோட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, கண்டதை அப்படியே சொன்னீர்கள். அவனுக்குச் சிறை கிடைத்தது. சபை அவனைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தது. வெளியே வந்த பிறகும் அவன் பிரேக்கையே சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிறுகளில் உள்ளே வராமல் தேவாலயத்து வேம்பின் கீழ் இருந்து பாட்டைக் கேட்டுவிட்டுப் போவான்.

ஒருமுறை உங்களிடம் நேராகவே கேட்டேன், உங்கள் கடவுள் நீதிபதியா தகப்பனா என்று. மா அரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "சிலுவையைப் பார். மனிசர் செய்தது சின்ன விசயம் எண்டு அவர் விட்டிருந்தால் அது தேவையில்லை. செய்தவன் எக்கேடு கெட்டாலும் போகட்டும் எண்டு விட்டிருந்தாலும் தேவையில்லை." அழகான விளக்கம். அழகாக இருக்கிற விளக்கங்களில் எனக்குச் சந்தேகம் கூடும். ஆனால் பிரசங்க மேடையில் நின்று சொல்பவரின் குரல் அல்ல அது. கரியரைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒருத்தியின் குரல். அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது.

இன்று காலை இளம் போதகர் வந்தார்.

"சீலன் அண்ணை நாளைக்குத் திருவிருந்துக்கு வர அனுமதி கேக்கிறார், அக்கா. உங்கடை வீட்டிலை இப்ப நீங்கள் மட்டும்தான். நீங்கள் வேண்டாமெண்டால் நான் சபையிலை கேக்க மாட்டன்."

"நான் சபை ஆளே இல்லையே."

"இழந்த ஆள் நீங்கள்தானே."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் வேம்பின் கீழேயே கிழவனாகட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வந்தது வேறு சொல். "வரட்டும். ஆனால் நடந்ததை எல்லாருக்கும் முன்னாலை அவர் தன்ரை வாயாலை சொல்லவேணும். பிரேக் கதை இல்லாமல்."

போதகர் தலையாட்டிவிட்டுப் போனார். அவன் சொல்வான் என்று நான் நம்பவில்லை. நான் கேட்டது நீதியா இரக்கமா என்றும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன். மணம் மாறுகிறது; அடி பிடிக்க முன் இறக்கவேண்டும். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

ஞாயிறு பின்னேரம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் தேவாலயத்தில் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் முடிந்ததும் சீலன் உள்ளே வந்து முன்னுக்கு நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. "பிரேக் நல்லாத்தான் இருந்தது. நான் பிடிக்கேல்லை. நான் குடிச்சிருந்தனான்" என்றான். அவ்வளவுதான். யாரும் அழவில்லை. போதகர் சபையைப் பார்த்தார், ஒருவரும் மறுக்கவில்லை.

ஆட்கள் வரிசை வரிசையாகப் போய் முழந்தாளிட்டு அப்பமும் ரசமும் வாங்கிவந்தார்கள். அவன் கடைசியாகப் போனான். ஒரு வரிசை நிரம்பாமல் போதகர் அப்பத்தை எடுப்பதில்லை. அதுதான் இங்கத்தைய வழக்கம். அவனுக்குப் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. மறுக்காதவர்கள் எல்லாரும் வாங்குகளிலேயே இருந்தார்கள். போதகர் காத்துக்கொண்டு நின்றார். அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது.

நான் எழும்பிப் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவனுக்குக் கிட்டப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி முழந்தாளிட்டேன். என்னைக் கண்டு மூப்பரும், வேறு சிலரும் எழும்பி வந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நிரம்பினார்கள். நான் கையை நீட்டவில்லை. போதகர் என்னைக் கடந்து அவனிடம் போனார். அவன் வாங்கினான்.

எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் இருந்தது; போதகரும் அதை நிரப்பச் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்களில் ஒருவரும் அதற்குள் வந்து முழந்தாளிடவில்லை.