செல்வியின் கபடி வீடியோ

வியாழன் இரவு

பள்ளி நூலகக் கணினியில் இடம் நிறைந்துவிட்டதால், புத்தகங்களைப் பதியும் டேட்டாபேஸ் எதையும் சேமிக்காமல் எரர் காட்டியது. நூலகத்தில் உதவிக்கு இருக்கும் நான், யாரிடமும் சொல்லாமல் விளையாட்டு விழா வீடியோக்களை அடியோடு அழித்தேன். உடனே சரியாகிவிட்டது. "கெட்டிக்காரிட்டி நீ" என்றார் நூலக டீச்சர்.

மாலையில் பத்தாம் வகுப்பு செல்வி வந்தாள். திங்களன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் விளையாட்டு விடுதித் தேர்வு. விளையாட்டு விழாவில் அவள் ஆடிய கபடி வீடியோவைக் கேட்டிருக்கிறார்களாம். அது வேறு யாரிடமும் இல்லை.

"எரர்ல போயிருக்கும்மா," என்றார் டீச்சர்.

"நீதான சரிபண்ணுன, செத்த நேரம் தேடிப் பாரேன்ட்டி," என்றாள் செல்வி.

இல்லையென்று தெரிந்தும் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து காட்டினேன். என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றவள் ஊருக்குப் போகும் சேத்தூர் பஸ்ஸைத் தவறவிட்டாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. "நாளைக்கும் தேடுதேன்" என்றுதான் சொன்னேன்.

காலையில் எனக்கு முன்பே வந்து காத்திருப்பாளாம்.